இராப் பூசைக்கு வந்தவர்கள்



ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் குருவானவரிடம் முறைப்பாடு சொல்ல வருவோர் எல்லாப் பங்குகளிலும் உண்டு. ஒலிபெருக்கி இரைகிறது, பிரசங்கம் நீண்டுவிட்டது, பாடகர் குழுவின் புதுப்பாட்டு வாயில் வரவில்லை என்பன வழமையான முறைப்பாடுகள். இவற்றைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வேறொரு முறைப்பாடும் உண்டு. அது சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. ஒழுங்காகப் பூசைக்கு வருகிறோம், நற்கருணையும் வாங்குகிறோம், ஆனாலும் ஆண்டவரை அங்கே சந்தித்தோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை என்பதே அது. இதைச் சொல்லிவிட்டு வேறு சபைகளின் செபக் கூட்டங்களுக்குப் போனவர்கள் உங்கள் உறவினரிலும் இருக்கலாம்.

இதற்கு மறுமொழியாக வழிபாட்டைப் பற்றி ஒரு விளக்கவுரை எழுதலாம். 2ஆம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, கிறீஸ்து எங்கெங்கே பிரசன்னமாயிருக்கிறார் என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் இந்த முறைப்பாடு விளக்கத்தால் தீரும் ஒன்றென்று எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஒரு மனிதருடைய வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய சுரூபம் பல கோவில்களில் இருக்கிறது. அவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். நாம் வாழும் இதே மண்ணில், பூசை காண்பதே குற்றமாயிருந்த காலத்தில், பூசையைத் தேடி இருளில் நடந்த மக்களோடு அவர் இருந்தார்.

1651ஆம் ஆண்டு சித்திரை 21ஆந் திகதி கோவாவிலுள்ள பெனௌலிம் கிராமத்தில், தாயாரின் ஊரில், அவர் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவம் வாஸ். தாய் மரியா மிராந்தா. கொங்கணி பேசும் பிராமணக் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம் அது. தகப்பனாரின் ஊராகிய சங்கோலேயில் போர்த்துக்கேய மொழியையும், பின்னர் பெனௌலிமில் இலத்தீனையும் படித்தார். கோவா நகரில் இயேசு சபையாரின் கல்லூரியிலும் சாமிநாதர் சபையாரின் கலாசாலையிலும் கற்று, 1676ஆம் ஆண்டு குருவானார். அடுத்த ஆண்டு ஆவணி 5ஆந் திகதி, தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஓர் அடிமைச் சாசனத்தைத் தம் கையால் எழுதி வைத்தார். அடிமை என்ற சொல் இன்று நம் காதுக்குக் கசக்கும். அவர் அதை விரும்பியே எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் கூலியாளாகவும் பிச்சைக்காரனாகவும் வேடமிட்டு நம்மிடம் வந்தபோது, அந்த வேடம் அவருக்கு அந்நியமாயிருந்திராது.

1681 தொடக்கம் 1684 வரை கன்னட நாட்டில் மறைப்பணி செய்தபின் கோவாவுக்குத் திரும்பினார். அங்கே உள்நாட்டுக் குருக்கள் சிலர் ஒன்றாகக் கூடி வாழ்ந்து செபிக்கத் தொடங்கியிருந்தனர். 1685ஆம் ஆண்டு புரட்டாதியில் அவர்களுடன் சேர்ந்தார். புனித பிலிப்பு நேரியாரின் முறையைப் பின்பற்றிய ஓறற்றோரியன் சபையாக அது வளர்ந்தது. அந்த வீட்டின் சட்டத்தில் முதலிடம் செபத்துக்கே. ஓடி ஓடி வேலை செய்வதற்காக அவர் அங்கே போகவில்லை. ஆண்டவர் முன் அமர்ந்திருக்கவே போனார். அப்படி அமர்ந்திருந்தவரைத்தான் இலங்கையின் நினைவு விடாமல் வருத்தியது என்பதைக் கவனியுங்கள்.

இலங்கையில் என்ன நடந்திருந்தது? 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். பிரான்சிஸ்கன் குருக்களும் இயேசு சபைக் குருக்களும் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பங்குக் கோவில்கள் சீர்திருத்த சபையின் கோவில்களாயின. சுரூபங்கள் இறக்கப்பட்டன, பீடங்கள் அகற்றப்பட்டன. அதே கட்டிடங்களில் பிள்ளைகள் படிக்க வேண்டும், பெரியவர்கள் பிரசங்கம் கேட்க வேண்டும், வராதவர் தண்டம் கட்ட வேண்டும். ஞானஸ்நானமும் கலியாணமும் அங்கே பதிவானால்தான் சட்டப்படி செல்லும். காணி பூமியின் உரிமையும் அதையே பொறுத்திருந்தது.

இதை ஒரு குடும்பத்தின் கண்ணால் பாருங்கள். தாத்தா ஞானஸ்நானம் பெற்ற அதே கோவில். அதே சுவர்கள், அதே வாசல். ஆனால் பூசையில்லை. ஞாயிறு தோறும் ஆட்கணக்குக்காக அங்கே போய் இருந்துவிட்டு வரவேண்டும். உடல் கோவிலுக்குள் இருக்கும், உள்ளம் அங்கே இராது. இன்று நம்மில் பலர் சொல்லும் வரட்சி அவர்களுக்குக் கட்டளையாகவே வந்தது. நமக்கு அப்படியொரு கட்டளை இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்படி 29 ஆண்டுகள். ஆட்சி மாறிய ஆண்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். ஆனால் பீடத்தில் குருவானவர் நிற்பதைக் கண்டிராது. வீட்டுக்குள் செபமாலை இருந்தது. தாய்மார் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த மந்திரங்கள் இருந்தன. மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தைச் சில குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிச்சென்று மடுவில் வைத்ததும் இந்தக் காலத்திலேயே என்பது நம் பாரம்பரியம். நிலைத்திருந்து பூசை ஒப்புக்கொடுக்க ஒரு குரு மட்டும் இல்லை.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. 1686ஆம் ஆண்டு யோசேவ் வாஸ் அடிகளார் புறப்பட்டார். ஆயுதமில்லை, அரசின் கடிதமில்லை, ஐரோப்பியத் தோலுமில்லை. இந்தக் கடைசிக் குறை அவருக்கு உதவியாயிற்று. வெள்ளைக்காரக் குரு ஒருவர் எந்த ஒழுங்கையிலும் மறைய முடியாது. கறுத்த மெலிந்த கூலியாள் ஒருவரை எவரும் திரும்பிப் பாரார். யோவான் என்ற பணியாளனுடன் கால்நடையாகத் தெற்கே வந்து, தூத்துக்குடியில் கூலிக்காரர் வேடத்தில் தோணி ஏறினார். 1687ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறை ஒட்டிய நாட்கள் அவை. கடல் கொந்தளித்தது, தோணி மன்னாரை அடைந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருவரும் பட்டினியாலும் களைப்பாலும் நைந்துபோயிருந்தனர்.

வந்தவுடன் கடும் வயிற்றுளைவு அவரைப் பிடித்தது. தொற்றுநோய் என்று பயந்த மக்கள் அவரை ஊருக்கு வெளியே ஒதுக்கிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அவர் குரு என்பதும் அவளுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துத் திருச்சபையின் மறுபிறப்பு பேர் தெரியாத ஒருத்தியின் கஞ்சிச் சிரட்டையில் தொடங்கியது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் அவர் செய்ததைப் பாருங்கள். தமிழ் அவருக்குப் புதிது. யார் கத்தோலிக்கர், யார் அல்லர் என்று கேட்கவும் முடியாது, கேட்டால் அகப்படுவார். ஆகவே கழுத்தில் ஒரு பெரிய செபமாலையை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். படலையில் நின்று, கொடுப்பவரின் கையைவிட அவருடைய கண்ணையே கவனித்தார். அந்தச் செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. சில முகங்களில் வெறுப்பு, சிலவற்றில் பயம். ஒரு வீட்டார் மட்டும் அந்த மாலையை வேறு விதமாகப் பார்த்தார்கள். மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்து, நம்பத்தக்கவர்கள் என்று கண்டபின், தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். 29 ஆண்டுகளாக மூடிக்கிடந்த கதவு அன்று திறந்தது.

கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலை அவருக்குப் பாதுகாப்பான இடமென்று கண்டு அங்கே அழைத்துச் சென்றார்கள். ஊர்த் தலைவர் ஒருவருடைய வீட்டில் மறைந்திருந்து, அடுத்த இரண்டு ஆண்டுக்கு மேலாகச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கெல்லாம் இரவில் நடந்து பணி செய்தார். பகலில் மறைவு, இரவில் பணி. இருட்டியதும் மக்கள் தனித்தனியாக வந்து ஒரு வீட்டில் சேர்வார்கள். முதலில் பாவசங்கீர்த்தனம். அது மணிக்கணக்காக நீளும். வாழ்நாளில் ஒரு முறைகூடச் செய்திராதவர்கள் பலர். பின் ஞானஸ்நானங்கள், கலியாணங்கள், சிறு உபதேசம். விடியுமுன் பூசை. கோழி கூவுமுன் எல்லாரும் தத்தம் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தப் பூசையை நினைத்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்கிறேன். ஓலை வேய்ந்த வீடு. ஓர் எண்ணெய் விளக்கு. பாட்டு இல்லை, பாடினால் காவற்காரருக்குக் கேட்கும். மணி இல்லை. குருவானவர் அக்கால முறைப்படி மக்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார்; தாழ்ந்த குரலில் இலத்தீனில் செபிக்கிறார். அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கியிராது. நள்ளிரவு முதல் எல்லாரும் உபவாசம். அதனால் பழைய இலத்தீன் பூசையே நல்லது என்று நான் சொல்ல வருவதாக எண்ண வேண்டாம். தமிழில் பூசை காணும் பாக்கியம் நமக்குக் கிடைத்ததற்கு நான் நன்றி சொல்லுகிறவன். ஆனால் நாம் இல்லை என்று குறைப்படும் எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதை மறுக்க முடியாது. நல்ல பாட்டில்லை, நல்ல பிரசங்கமில்லை. புது மொழி பழகிக்கொண்டிருந்தவருடைய பிரசங்கம் எப்படி இருந்திருக்கும்! ஆயினும் அப்ப இரச குணங்களுக்குள் எழுந்தேற்றம் செய்யப்பட்டவரைப் பார்ப்பதற்காக, அகப்பட்டால் காணி, உடைமை, உயிர் யாவும் போகும் என்று தெரிந்தும் அவர்கள் வந்தார்கள். வேலி தாண்டி வருவதற்கு முன்பே அவர்களுடைய சந்திப்புத் தொடங்கிவிட்டது. யாரைக் காணப் போகிறோம் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அது கண்முன் நடக்க வேண்டும் என்று 29 ஆண்டு பசித்திருந்தார்கள்.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவு அந்தப் பசிக்கு விலை கேட்கப்பட்டது. நடுச்சாமப் பூசைக்காகச் சில வீடுகளில் பெருந்தொகையானோர் கூடியிருந்தபோது, செய்தியறிந்த ஒல்லாந்தக் கொமாண்டரின் படைவீரர் வீடுகளைச் சுற்றிவளைத்தனர். பீடத்துப் பொருட்களும் படங்களும் மிதிபட்டன. ஆண்களும் பெண்களுமாக நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. வீரர்களின் நடுவே அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் கடந்து போனார் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எனக்கு அதைவிட அதிசயமாகப் படுவது, இரண்டு ஆண்டுக்கு மேலாக இத்தனை குடும்பங்களுக்குத் தெரிந்திருந்த ஓர் இரகசியம் அவரைப் பிடித்துக்கொடுக்கும் அளவுக்கு வெளியே போகவில்லை என்பதுதான். நம் ஊர்களில் ஒரு கலியாணப் பேச்சையே இரண்டு நாள் மூடிவைக்க முடிவதில்லை.

மறுநாள் விசாரணை. தலைவர்கள் எனக் கண்ட எண்மர் கசையால் அடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பேதுரு என்பவர். ஒல்லாந்த சபையைவிட்டுக் கத்தோலிக்கரானவர். ஆகவே அவர்மேல் கோபம் அதிகம். அடியினாலேயே அவர் இறந்தார். மற்றவர்கள் சங்கிலியிடப்பட்டுக் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். பேதுரு இன்னும் பீடத்தில் ஏற்றப்பட்டவரல்லர். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பூசைக்காக உயிர் கொடுத்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் அது. எத்தனை வீடுகளில் சொல்கிறோம்?

அடிகளார் யாழ்ப்பாணத்தில் இருந்தால் மக்களுக்கே ஆபத்து என்று கண்டு 1690இல் புத்தளம் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தபோது, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று ஒரு பிரெஞ்சுக்காரன் அரசனிடம் கோள் சொன்னான். 2ஆம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். சிறை அவருக்குப் பழைய ஓறற்றோரியன் இல்லத்தைத் திருப்பிக் கொடுத்தது போலாயிற்று. செபிக்க நேரம், சிங்களம் படிக்க நேரம். அடைக்கப்பட்டிருந்த இடத்திலேயே சிறு கொட்டில் கட்டிப் பீடம் அமைத்தார். காவல் சற்றுத் தளர்ந்ததும் கண்டியில் இருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினர்.

கண்டியில் மழை பெய்த கதையை நீங்கள் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். வறட்சியில் நாடு வாடியபோது வெளியிலே பீடமும் சிலுவையும் நாட்டி அவர் செபித்தார் என்பதும், பெருமழை பெய்தும் பீடமும் அவரும் நனையவில்லை என்பதும் நெடுநாளைய பாரம்பரியம். அதன்பின் அரசன் அவருக்கு நடமாடச் சுதந்திரம் கொடுத்தான். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தபோது நகரமே ஓடிற்று, அரசனும் ஓடினான். நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேவ் கர்வாலியோ சுவாமியும் அங்கேயே நின்று, கொட்டில்கள் போட்டு, சீழ் துடைத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக் காட்டோரத்தில் வயிற்றுளைவோடு விடப்பட்டவர், ஒருத்தி கொண்டுவந்த கஞ்சியை மறந்திருப்பாரா?

1705இல் கோவாவிலிருந்து யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி வந்து சேர்ந்தார். தமிழிலும் சிங்களத்திலும் செபங்களையும் நூல்களையும் எழுதி மக்களுக்குக் கொடுத்தவர் அவரே. தபசு காலத்தில் நம் கோவில்களில் இராகமாக வாசிக்கப்பட்டுவரும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. ஊமையாக இராப் பூசை கண்ட மக்களுக்கு வாய்விட்டு அழுது செபிக்க ஒரு மொழி கிடைத்தது. வாஸ் அடிகளார் தொடக்கிய வேலையின் மறுபாதி என்றே அதை நான் மதிக்கிறேன்.

ஒரு வார்த்தை நம் காலத்தைப் பற்றியும். கோவிலை இழப்பது என்னவென்று நமக்குத் தெரியாததல்ல. 1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள் 27 ஆண்டுகள் தங்கள் ஊர்க் கோவில் வாசலை மிதிக்கவில்லை. 1993இல் குருநகர் யாகப்பர் கோவிலிலும், 1995இல் நவாலி இராயப்பர் கோவிலிலும் குண்டு விழுந்ததை உங்கள் வீட்டில் எவராவது நேரில் அறிந்திருப்பார்கள். 2020ஆம் ஆண்டு பெரிய கிழமையில் ஊரடங்கினால் கோவில்கள் பூட்டியிருக்க, கைத்தொலைபேசியில் பூசை பார்த்தோம். அப்போது கண்ணீர்விட்டவர்கள் பலர். கதவு திறந்து சில மாதங்களுக்குள், பிரசங்கத்தின்போது அதே கைத்தொலைபேசி மறுபடியும் வெளியே வந்தது. குற்றஞ்சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பசி அடங்கினால் அப்படித்தான்.

அடிகளாரும் பீடத்துக்கு வெறுமையாகப் போகவில்லை. நாளெல்லாம் வெறுங்காலுடன் காடும் மேடும் நடந்த பின்னும் நீண்ட நேரம் முழங்காலில் இருப்பார். அவரைக் கொச்சி ஆயர் இலங்கை முழுவதற்கும் தலைமைக் குருவாக நியமித்ததும், மேலான ஆயர் நிலைப் பதவி தேடிவந்தபோது அதை அவர் மறுத்ததும் பெரிய செய்திகள்தான். ஆனால் அவருக்கு அவை பெரிதாயிருக்கவில்லை. பூசைக்கு முன் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறோம் என்பதே அவருக்குப் பெரிது. கோவிலில் ஆண்டவரைக் காணவில்லை என்று வருந்தும் வாசகரே, அடுத்த ஞாயிறு கால்மணித்தியாலம் முன்னதாக வந்து பேசாமல் இருந்து பாருங்கள். அதற்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனத்துக்கும் வாருங்கள். குருவானவரும் வந்திருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்துக் கடமை.

1710இல் தொடங்கிய காய்ச்சல் அவரைவிட்டுப் போகவில்லை. படுக்கையிலும் தியானத்தை விடவில்லை. சுற்றி நின்ற குருக்களிடம், வாழ்நாளெல்லாம் தள்ளிவைத்த ஒன்றைச் சாகும் வேளையில் செய்வது இலகுவல்ல என்ற கருத்தில் புத்தி சொன்னார். 1711ஆம் ஆண்டு தை 16ஆந் திகதி, கடைசி அருட்சாதனங்களைப் பெற்று, கையில் எரியும் மெழுகுதிரியுடன், இயேசுவின் நாமத்தைச் சொல்லியபடி கண்டியில் உயிர்விட்டார். வயது அறுபது நிறையவில்லை.

1995ஆம் ஆண்டு தை 21இல் பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதே திடலில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார். பாதை திறந்திருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து பலர் போய்க் கண்டோம்.

அவரை அடக்கம் செய்த கண்டிக் கோவில் பின்னர் அழிந்துபோயிற்று. கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. சில்லாலையில் அவர் பூசை வைத்த வீடுகளும் இல்லை. அவருடைய திருநாள் தை 16. அன்று காலைப் பூசைக்கு வருகிறவர்கள் முத்தி செய்வதற்கு அவருடைய எலும்பு ஒன்றுகூட இராது; பீடத்தில் அப்பமும் இரசமும் வைக்கப்பட்டிருக்கும்.